நடுக்கதவு வைத்த வெர்ச்சுவல் மெஷின்

எங்கள் பக்கத்துக் கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அம்பத்தூரில் ஆரம்பித்து ஆவடி, பூந்தமல்லி வரை ஐம்பது பேர் இருப்போம். காலையில் ரோஜாப்பூ வணக்கம், மாலையில் "பழைய மதர்போர்டு யார்கிட்டயாவது கீதா" என்ற விசாரிப்பு, நடுவில் சண்டை. நான் தொழிலை விட்டு எட்டு மாதம் ஆகிறது. குழுவை விட மனம் வரவில்லை. போன வாரம் அதில் ஒருவர் என்னைக் கேட்டிருந்தார்: "ஏகா அண்ணாத்தே, ஊட்டு கம்ப்யூட்டர்ல வி.எம். போட்டுக்கினா, உள்ள பூந்த வைரஸ் வெளிய வராதுன்றாங்களே, மெய்யா? ரெண்டே வரில சொல்லு."

இரண்டே வரியில் சொல்லிவிடலாம். முதல் வரி: வரும். இரண்டாவது வரி: வராமல் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இந்த இரண்டு வரிக்கும் நடுவில் என் மானம் போன கதை ஒன்று மாட்டிக்கொண்டிருக்கிறது. அதை வாட்ஸ்அப்பில் தட்டினால் விரல் தேய்ந்துவிடும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

என் படிப்பு பத்தாம் வகுப்பு. அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தவன். தவணையில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, அதைக் கெடுத்துக் கெடுத்துத் தொழில் கற்றேன். ஏழாவது முறை அதுவே வெறுத்துப்போய் ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. பிறகு தேவராஜ் சார் கடையில் ஆறு வருடம். அதன்பின் சொந்தமாக, ஸ்கூட்டரும் தோள்பையுமாக, வீடு வீடாக. பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

தேவராஜ் சார் கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். அந்தப் பொந்திலிருந்து தினமும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வெளியே வருவார். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனால் முதலில் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். நாற்காலியில் உட்காருவார். கீபோர்டைத் தொடமாட்டார். மூன்று கேள்வி கேட்பார்.

"எப்போ கடைசியா நல்லா இருந்துச்சு? அப்பாலிக்கா இன்னா மாறிச்சு? கடைசியா யார் கை வெச்சாங்கோ?"

பதிலைக் கேட்டுவிட்டுத் தெருவுக்கு வந்து எங்களிடம் சொல்வார்: "நைனா, மூணாவது கேள்விக்கு அவுங்க சொல்ற பேருல ஒரு நாள் உன் பேரும் வரும். அன்னிக்குக் காது கேக்காத மாதிரி போயிடாத."

அவரிடம் இரண்டு பென்டிரைவ் இருந்தன. ஒன்றில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். அதன் பக்கவாட்டில் ஒரு குட்டிப் பூட்டு. தள்ளிவிட்டால் அதிலிருந்து படிக்கலாம், அதில் எதுவும் எழுத முடியாது. வைரஸ் எடுக்கும் மருந்தெல்லாம் அதில். இன்னொன்றில் வெள்ளை நூல். ஒரு வீட்டில் கோப்பை ஏற்றி இறக்க அது. ஒவ்வொரு வீடு முடிந்ததும் கடைக்கு வந்து அதைத் துப்புரவாக அழித்துவிட்டுத்தான் அடுத்த வீடு. மத்தியானச் சோறு ஆறினாலும் சரி. ஒருமுறை நான் சோம்பலில் அழிக்காமல் கிளம்பினேன். வாசலில் மறித்தார்.

"இன்னாடா, ஊட்டுக்கு ஊடு ஒரே தொடப்பத்தத் தூக்கினு போற? இவன் ஊட்டுக் குப்பைய அவன் ஊட்ல பெருக்கப் போறியா?"

தனியாகத் தொழில் ஆரம்பித்த பிறகு நூல் கட்டும் வழக்கம் கொஞ்ச காலம் இருந்தது. சிவப்பு நூல்காரனின் பூட்டு ஒரு நாள் உடைந்தது. பெரிய கொள்ளளவில் ஒரு பென்டிரைவ் வாங்கி, மருந்தையும் குப்பையையும் ஒன்றாகவே போட்டுக்கொண்டேன். நம் அனுபவத்துக்கு நூல் எதற்கு என்ற திமிர்தான்.

வைரஸ் விஷயத்தில் நம் சனங்கள் பேசுவதைக் கேட்டால் நேரம் போவது தெரியாது. ஆவடியில் ஒரு வீட்டில் மூன்று ஆன்டிவைரஸ் போட்டிருந்தார்கள். மூன்றும் ஒன்றையொன்று வைரஸ் என்று காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தன. "மூணு ஓரகத்தி ஒரே அடுப்புல" என்றார் அந்த வீட்டம்மா. சரியான நோயறிதல். எந்த என்ஜினியரும் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லமாட்டார்.

வெர்ச்சுவல் மெஷின், அதாவது அந்த வி.எம்., வந்த பிறகு வேடிக்கை இன்னும் கூடியது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அது கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர். நம் பக்கத்து வழக்கத்தில் சொன்னால், வீட்டைத் தடுத்துப் போர்ஷன் விட்டது போல. போர்ஷன்காரருக்குத் தனி வாசல், தனி சமையல். அவர் வீட்டில் பால் பொங்கி வழிந்தால் நம் அடுப்பு அணையாது. ஆனால் தண்ணீர்த் தொட்டி ஒன்று, மோட்டார் ஒன்று. நடுவில் ஒரு கதவு வைத்துவிட்டால் கரப்பான் பூச்சிக்கு இரண்டும் ஒரே வீடு.

நெமிலிச்சேரியில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் என்னைக் கூப்பிட்டு வி.எம். போட்டுத் தரச் சொன்னார். போட்டுத் தந்தேன். அன்று முதல் "உங்களுக்குக் கார் விழுந்திருக்கிறது" என்று வரும் அத்தனை இணைப்பையும் அதற்குள் திறந்து திறந்து பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. "உள்ள தான சார் கீது, வெளிய வராதே" என்பார். ஒரு நாள் போனால், அதே வி.எம்.முக்குள் தன் பேங்க் பாஸ்வேர்டைத் தட்டிக்கொண்டிருக்கிறார். "பத்திரமான எடமாச்சேன்னு" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி முந்திக்கொண்டார்: "நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. இவரு கொசுவலைக்குள்ள குந்திக்கினு கொசுவக் கூப்புட்டு வெச்சுப் பேசினு கீறாரு."

அந்தக் கொசுவலை வாக்கியத்தை அடுத்த ஒரு வருடம் போகிற வீடெல்லாம் சொல்லிச் சிரித்தேன். சிரித்தவன் பையில்தான் கொசு இருந்தது என்பது இனி வரும் கதை.

பூந்தமல்லியில் ஷமீமா என்று ஒரு பெண்மணி. எனக்குத் தங்கை வயது. எம்பிராய்டரி பஞ்சிங் செய்பவர். துணியில் வரவேண்டிய பூவை, கொடியை, கம்ப்யூட்டரில் வரைந்து, எந்த ஊசி எங்கே எத்தனை குத்து குத்தவேண்டும் என்று மெஷினுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பதற்குப் பஞ்சிங் என்று பெயர். அதை வாங்கிக்கொண்டு போய் மெஷினில் தைக்கிற யூனிட்டுகள் அந்தத் தெருக்களில் நிறைய உண்டு. ஷமீமாவின் கணவர் காலமான பிறகு அந்த ஒரு கம்ப்யூட்டர்தான் வீட்டின் அடுப்பு எரியக் காரணம். பதினோரு வருட டிசைன்கள் அதில் இருந்தன. சென்ற ஆண்டு கூடுதலாக ஒன்று: மகள் பர்வீனின் நிக்காஹ் துப்பட்டாவுக்கான டிசைன். மல்லிகைக் கொடி ஓடி, மூலைக்கு மூலை ஒரு மாங்காய். வெளி வேலை முடிந்த பிறகு கிடைக்கிற நேரத்தில் இரண்டு மாதமாக வரைந்துகொண்டிருந்தார்.

அவருடைய பஞ்சிங் சாஃப்ட்வேர் அந்தக் காலத்து விண்டோஸில்தான் ஓடும். பழைய கம்ப்யூட்டர் புகைந்துபோனதும், பாரிவாக்கம் அடுக்குமாடியிலிருந்து செந்தில் என்று ஒரு ஐ.டி. தம்பி வந்து உதவினார். ஈரோட்டுக்காரர். அவர் மனைவிக்கு ஷமீமா ரவிக்கை டிசைன் போட்டுக் கொடுத்த பழக்கம். புதுக் கம்ப்யூட்டரில் ஒரு வி.எம். போட்டு, அதற்குள் பழைய விண்டோஸை வைத்து, பதினோரு வருட டிசைன்களையும் உள்ளே ஏற்றி, ஒரு ஸ்னாப்ஷாட்டும் எடுத்து வைத்தார். ஸ்னாப்ஷாட் என்றால் அந்த நிமிடத்தில் அந்த மெஷின் எப்படி இருந்ததோ அப்படியே ஒரு நகல். பின்னால் கெட்டால் அந்த நிமிடத்துக்குத் திரும்பலாம். இதுவரை செந்திலைக் கும்பிடலாம்.

அப்புறம் ஒரு நாள் ஷமீமா, "தம்பி, டிசைனை வாட்ஸ்அப்ல அனுப்ப உள்ளேருந்து வெளிய எடுக்கறது ரோதனையா கீது" என்றிருக்கிறார். "ஒரு நிமிசமுங்கக்கா" என்று செந்தில் வெளிக் கம்ப்யூட்டரின் டி டிரைவ் முழுவதையும் வி.எம்.முக்குப் பொதுவாக்கி, எழுதும் உரிமையும் கொடுத்து, டிசைன்களையெல்லாம் அங்கே நகர்த்திவிட்டார். நடுக்கதவு திறந்தாயிற்று. தாழ்ப்பாள் இல்லை.

நான்கு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள். வி.எம்.முக்குள் பிரிண்டர் வேலை செய்யவில்லை. போனேன். என் பென்டிரைவைச் செருகி, வி.எம்.முக்குள் விட்டு, பிரிண்டரை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேரை ஏற்றினேன். பிரிண்ட் வந்தது. ஷமீமா கொடுத்த டீயைக் குடித்தேன். நெமிலிச்சேரிக் கொசுவலைக் கதையைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தோம்.

புதன்கிழமை காலை ஷமீமா போன் செய்தார். குரலில் சிரிப்பு இல்லை. "அண்ணே, எந்த டிசைனும் தொறக்க மாட்டேங்குது. பேரெல்லாம் மாறிக் கீது. இங்கிலீஷ்ல என்னமோ காசு கேக்குறான்."

நான் போய்ச் சேர்ந்தபோது செந்தில் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். திரையைப் பார்த்ததும் புரிந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டுச் சாவிக்குக் காசு கேட்கிற ரகம். வி.எம்.முக்குள் புகுந்தது, உள்ளே இருந்ததைப் பூட்டி, நடுக்கதவு வழியாக வந்து டி டிரைவ் முழுவதையும் பூட்டியிருந்தது. காசு கட்டினாலும் சாவி வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பர்வீன் சுவரோடு சாய்ந்து நின்றிருந்தாள். ஷமீமா கட்டிலில் உட்கார்ந்து முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

தேவராஜ் சார் போலவே கடிகாரத்தைக் கழற்றினேன். கேள்விகளைக் கேட்டேன்.

"எப்போம்மா கடைசியா நல்லா இருந்துச்சு?"

"நேத்து காலைல நல்லாதான் இருந்துச்சு."

"அப்புறம் என்ன மாறுச்சு?"

"ஒண்ணும் மாறல. பிரிண்டர்தான் வேலை செஞ்சுது."

"கடைசியா யார் கை வெச்சது?"

"நீங்கதாண்ணே. நீங்க கை வெச்சா நல்லாதான ஆவும்?"

கபடமில்லாமல் சொன்னார். நானும் கபடமில்லாமல் அதைத் தாண்டிப் போனேன். வைத்தியனை யார் நோயாளிப் பட்டியலில் சேர்ப்பார்கள்? நான் நேரே செந்திலிடம் திரும்பினேன். டி டிரைவ் முழுவதையுமா தம்பி திறந்துவிடுவீர்கள், எழுதும் உரிமை எதற்கு, ஆபீசில் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்களா என்று அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். அவர் வேலை செய்வதே கம்பெனிகளின் கம்ப்யூட்டர் பாதுகாப்புப் பிரிவில். தலை நிமிரவில்லை.

"தப்பு என்னோடதுதானுங்கண்ணா. ஐசோலேசன், ஐசோலேசன், தனியாப் பிரிச்சு வெய்யுங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டு, இங்க வந்து நானே தொறந்து உட்டுட்டேன்."

ஷமீமா குறுக்கிட்டார். "ஆபீஸ்ல ஊருக்கே பூட்டு போடுற புள்ள, எங்க ஊட்ல தாப்பாளையே கழட்டினு போயிடுச்சு." அதோடு செந்திலிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

மீட்கும் வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். முதலில் நெட் வயரைப் பிடுங்கினேன். வி.எம்.மை நிறுத்தினேன். எதையும் தொடும் முன் இருப்பதை இருக்கிறபடி வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்தேன். கெட்டதுக்கும் ஒரு நகல் வேண்டும், நாம் கை வைத்து இன்னும் கெடுப்போமே. பிறகுதான் ஸ்னாப்ஷாட்டைத் தேடினேன். நல்ல காலம், அது பொதுவில் விடாத சி டிரைவில் கிடந்தது. பூட்டு அங்கே எட்டவில்லை. நான்கு மாதத்துக்கு முந்தைய நிமிடத்துக்குத் திரும்பினோம். உள்ளே பதினோரு வருட டிசைன்கள் அப்படியே இருந்தன. பர்வீன் விசும்பினாள். செந்தில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

பாக்கி நான்கு மாதம். அதற்கு ஷமீமாவே வழி சொன்னார். வேலை கொடுத்த யூனிட்டுகளின் மெஷின்களில் தையல் கோப்பு இருக்கும். செந்திலும் நானும் ஒவ்வொரு யூனிட்டாகப் போய் நின்றோம். ஒரு யூனிட் முதலாளி பாய் கோப்பைத் தந்துவிட்டு, "நாங்க கீரைக்கட்டுக்குக் கூட ரசீது வெச்சிருப்போம், நீங்க கம்ப்யூட்டர்காரங்க ஒண்ணும் வெச்சுக்க மாட்டீங்களா?" என்றார். அந்தக் கோப்பை வைத்துத் தைக்கலாம், அவ்வளவுதான். திருத்தி வரைவதற்கான மூலக்கோப்பு போனது போனதுதான்.

துப்பட்டா டிசைன் மட்டும் எந்த யூனிட்டுக்கும் போகவில்லை. முடிந்தால்தானே போகும்? டி டிரைவில் மட்டும்தான் இருந்தது. அதைத் திறக்கத் தெரிந்த வழியெல்லாம் பார்த்தேன். சாவி இல்லை.

வியாழக்கிழமை வீட்டில் உட்கார்ந்து அந்த வெளி டிஸ்க்கை அலசினேன். வைரஸ் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் மறுபடி வி.எம். போடக்கூடாது. பூட்டப்பட்ட கோப்புகளை நேர வரிசையில் அடுக்கினேன். முதல் கோப்பு பூட்டப்பட்ட நேரம்: செவ்வாய், காலை பதினொன்று நாற்பத்திரண்டு.

என் வேலை டைரியில் செவ்வாய்: பதினொன்றரை, ஷமீமா வீடு, பிரிண்டர்.

பதினொன்று நாற்பத்திரண்டுக்கு நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கொசுவலைக் கதை பாதியில் இருந்திருக்கும்.

என் பென்டிரைவை எடுத்துச் சோதித்தேன். கண்ணுக்குத் தெரியாதபடி மறைந்து ஒரு கோப்பு. தேதி, திங்கட்கிழமை. திங்கட்கிழமை நான் போனது முத்தாபுதுப்பேட்டையில் ஒரு வீட்டுக்கு, எதற்கு? வைரஸ் எடுக்க. அங்கே எடுத்ததைப் பத்திரமாகக் கொண்டுவந்து இங்கே இறக்கியிருக்கிறேன். பென்டிரைவைச் செருகினாலே அதில் இருப்பதைக் கேள்வி கேட்காமல் ஓடவிடுவது அந்தப் பழைய விண்டோஸின் குணம். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் செருகினேன். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இந்த வேலி ஸ்கூட்டரில் வயல் வயலாகப் போய் மேய்ந்திருக்கிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். செந்தில் ஏற்கெனவே ஒப்புக்கொண்டாயிற்று. ஷமீமாவும் நம்பியாயிற்று. நடுக்கதவு வைத்தது அவர்தானே. அது பொய்யும் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டால் இருபது வருடப் பேருக்குக் கீறல் விழாது. அப்புறம் அந்த வெள்ளைச் சட்டை ஞாபகம் வந்தது. காது கேட்காத மாதிரி போய்விடாதே.

திங்கள் முதல் புதன் வரை போன மற்ற வீடுகளுக்கு முதலில் போன் போட்டேன். புது விண்டோஸ் என்பதால் அங்கெல்லாம் அது தடுக்கப்பட்டிருந்தது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த நேரமாகப் பார்த்து ஷமீமா வீட்டுக்குப் போனேன். செந்திலையும் வரச் சொல்லியிருந்தேன்.

"தங்கச்சி, கதவத் தொறந்து வெச்சது செந்திலு. ஆனா உள்ள தூக்கிட்டு வந்து எறக்கினது நான்" என்று பென்டிரைவை மேசையில் வைத்தேன். நேரத்தையும் டைரியையும் காட்டினேன்.

செந்தில்தான் முதலில் கேட்டார்: "அப்ப அன்னைக்கு அரை மணி நேரம் என்னைத் திட்டுனீங்களே, அதுல பாதியத் திருப்பிக்கலாமுங்களாண்ணா?"

"நீ வாங்கின திட்டு முழுசும் உனக்குத்தான் தம்பி" என்றார் ஷமீமா. "அண்ணனுக்கு அதுல ஒண்ணரை மடங்கு." அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "என் பொண்ணோட துப்பட்டா போனது போனதுதாண்ணே. மனசு ஆறாது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொல்லலன்னா இந்தப் புள்ளைய ஆயுசுக்கும் திட்டினு இருந்திருப்பேன். அந்தப் பாவம் யார் தலைல?"

பென்டிரைவை எடுத்து ஊசி டப்பாவில் போட்டு மூடினார். "இது இங்கயே இருக்கட்டும். இனிமே எங்க ஊட்டுக்குக் கைய வீசினு வாங்க."

அன்று மூவரும் உட்கார்ந்து புதிதாக வி.எம். போட்டோம். குழுவில் கேட்டவருக்காக, செய்ததைச் சொல்கிறேன். பழைய விண்டோஸுக்கு நெட் கிடையாது. பிரிண்டருக்கும் பஞ்சிங்கிற்கும் நெட் எதற்கு? டி டிரைவ் பொதுவில் இல்லை. 'வெளியே' என்று ஒரே ஒரு ஃபோல்டர். டிசைனை அனுப்பும்போது திறப்பது, அனுப்பியதும் மூடுவது. உள்ளே எடுத்துப்போக 'உள்ளே' என்று இன்னொன்று, அதை வி.எம். படிக்கலாம், எழுத முடியாது. வி.எம்.முக்கும் வெளிக் கம்ப்யூட்டருக்கும் நடுவே காப்பி-பேஸ்ட் கூட நிறுத்தம். பென்டிரைவ் செருகினால் தானாக ஓடுவதை அடைத்தோம். வெளிக் கம்ப்யூட்டரில் ஆன்டிவைரஸ் ஒன்று, ஒன்றே ஒன்று. வி.எம்.முக்குள் போகும் எந்தக் கோப்பும் அதைத் தாண்டித்தான் போகும். ஒவ்வொரு வெள்ளியும் வி.எம்.மை நிறுத்தி முழு நகல் ஒரு டிஸ்க்கில். நகல் எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றி பீரோவில். செருகியே வைத்திருந்தால் அதுவும் பொது ஃபோல்டர்தான். ஸ்னாப்ஷாட் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது காப்பாற்றுவது போர்ஷனுக்குள் இருப்பதை மட்டும், நடுக்கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பதை அல்ல. வீட்டுக்கென்று ஒரு பென்டிரைவும் வாங்கிச் சிவப்பு நூல் கட்டினோம். அது அந்த வாசலைத் தாண்டாது.

துப்பட்டாவை ஷமீமா மூன்று வாரத்தில் மறுபடி வரைந்தார். அந்த மூன்று வாரமும் வெளி வேலை எடுக்கவில்லை. நிக்காஹ் விருந்தில் பர்வீன் என்னிடம் வந்து துப்பட்டாவின் மூலையைப் பிடித்துக் காட்டினாள். "ரெண்டாவது வாட்டி போட்டதுதான் மாமா நல்லா வந்துக்கீது. அதுக்காக உங்களுக்குத் தேங்க்ஸெல்லாம் சொல்ல மாட்டேன்." சொல்ல வேண்டாம் என்றேன். பிரியாணிக்கு மட்டும் உட்கார்ந்தேன்.

தொழிலை விடுவதாகச் சொல்லிக்கொண்டு வர, எட்டு மாதம் முன் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஷமீமா உள்ளே போய், உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சின்னத் துணிப் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். பச்சை வெல்வெட். மேலே அந்தத் துப்பட்டாவின் மாங்காய், பொன் நூலில். உள்ளே கெட்டியாக ஏதோ இருந்தது. பிதுக்கிப் பார்த்தேன். என் பென்டிரைவ்.

பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான்கு பக்கமும் நெருக்கி நெருக்கித் தைத்திருந்தது. வாயே இல்லை.

"எங்கம்மா திறக்கிறது?" என்று கேட்டேன்.

"தொறக்க முடியாதுண்ணே" என்றார் ஷமீமா. "செந்திலு சொல்லுமே, ஐசோலேசன். அது இதுதான்."